அண்ணாச்சிக்கு ஒரு போஸ்டர்

தலைமுடியில்தான் எப்போதும் சிக்கல். போட்டோவிலிருந்து ஆளை வெட்டி எடுக்க, தோளையும் கழுத்தையும் தாடையையும் சுற்றி மவுஸால் கோடு இழுத்து வருவது ஒன்றும் பெரிய வேலையில்லை. காதுக்கு மேலே போனதும் கை தானாக நிதானித்துவிடும். இசக்கியம்மாள் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் இடது காதுக்கு மேலே வந்து நின்றிருந்தாள். மானிட்டரில் அந்தக் காது கையகலம் இருந்தது. மடலில் நாலைந்து நரைமயிர். அதைச் சேர்த்து வெட்டுவதா, விட்டு வெட்டுவதா? பின்னால் கல்யாண மண்டபத்தின் சிவப்புத் திரை. போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ யார் கல்யாணத்திலோ எடுத்த படம். தென்காசியில் செத்தவர்கள் மூஞ்சியை எல்லாம் போஸ்டராக அடித்துக் கொடுத்த மனிதருக்குத் தன்னுடையது என்று ஒழுங்காக ஒரு போட்டோ இல்லை. படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் முதலில் அவளுக்குத் தோன்றியது, இது பெரிசு பண்ணினால் புள்ளி புள்ளியாக உடைந்துபோகுமே, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும் என்பதுதான். அப்புறம்தான் ஆள் தெரிந்தார். கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து தொளதொளவென்று நின்றது. இவரா? இந்த முகத்தை அவள் ஐந்து வருஷமாகப் பார்க்கவில்லை. பார்க்காமலே அனேகமாக தினமும் அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

காலையில் சட்னிக்கு மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முத்தரசு, அண்ணாச்சியின் மகன். “அக்கா, அப்பா தவறிட்டாங்க க்கா. விடியக்காலம். இன்னைக்குச் சாயங்காலமே எடுக்கோம். போஸ்டர் அடிக்கணும், டிசைன் பண்ணுத புள்ள ஊருக்குப் போயிருக்கு. வேற யார்ட்டயும் கேக்க மனசில்ல க்கா.” அவள் “அய்யோ” என்றாள். “எப்படிப்பா” என்றாள். “மதியத்துக்குள்ள அனுப்பிருதேன்” என்றாள். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் தவறிட்டாங்க என்றதற்கும் இவள் அய்யோ என்றதற்கும் நடுவே கிடந்த துளியூண்டு இடத்தில் வேறொன்று உள்ளே ஓடிவிட்டது. அப்ப இனிமே யார்ட்ட காட்ட? அவ்வளவுதான். அழுகை வந்து உட்கார வேண்டிய இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. சட்னியைத் தாளிக்கும்போதும் அது அங்கேயே இருந்தது. தன் மெடிக்கல் ஸ்டோருக்குக் கிளம்பிய அவள் புருஷன் பரமசிவன், “துட்டி வீட்டுக்கு நீ முன்னால போ, நான் கடையை அடைச்சிட்டு அப்படியே வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, “உனக்கு மத்தியானம் கொச்சிக்காரங்க மீட்டிங் இருக்குல்லா?” என்று கேட்டான். இருந்தது. மசாலா கம்பெனி. மஞ்சள் பொடி முதல் மீன் மசாலா வரைக்கும் எல்லா பாக்கெட்டுக்கும் புது டிசைன். இவளும் பெங்களூரில் இன்னொருத்தரும் கடைசி வரைக்கும் வந்திருந்தார்கள். இன்றைக்கு வீடியோ காலில் காட்டிவிட்டால் யாருக்கு என்று முடிவாகிவிடும். ரெண்டுக்கும் நேரமிருக்கு என்று அவனிடம் சொன்னாள்.

காதைத் தாண்டியாயிற்று. இனி உச்சந்தலை. அண்ணாச்சிக்கு உச்சியில் முடி இல்லாதது ஒரு சௌகரியம் என்று நினைத்தவள், என்ன நினைப்பு இது என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனால் அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ‘வழுக்கைத்தலை ஆளுன்னா சீக்கிரம் முடிச்சிரலாம்ளா’ என்று அவரே சொன்னதுதான் அது. அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடையான எழில் டிஜிட்டலின் பின்கட்டு ரூம், மூன்று கம்ப்யூட்டர், ஏசிக்குக் கீழே இவளுடைய சேர், வெளியே மாடசாமி மிஷினில் பிளெக்ஸை ஏற்றும் சத்தம், இங்க் வாடை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் டைப்பிங் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்தாள். பூப்புனித விழா, காதுகுத்து, புதுக்கடைத் திறப்பு, வட்டச் செயலாளர் பிறந்தநாள். நடுவே செத்தவர்கள் வருவார்கள். செத்தவர்கள் வந்தால் மற்றதெல்லாம் தள்ளிப்போகும். அதற்கென்று கம்ப்யூட்டரில் ‘கண்ணீர்’ என்று ஒரு ஃபோல்டர். ஆண், பெண், சிலுவை போட்டது, பிறை போட்டது, கட்சிக்காரர்களுக்குக் கரை வைத்தது எல்லாம் தயாராக இருக்கும், முகத்தையும் பேரையும் மாற்றினால் போதும். அத்தனையும் இவள் செய்து வைத்தது. செய்துகொண்டே, வீட்டில் பரமசிவன் வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்பில் ராத்திரிகளில் வேறு ஏதோ கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது, ஒரே ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது, இப்படி. ஒருநாள் போய் நின்று, “அண்ணாச்சி, நான் நின்னுக்கிடுதேன்” என்றாள். அவர் கரண்ட் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க போற?” “வீட்லருந்தே பண்ணலாம்னு. தனியா. லோகோ, பேக்கிங் அந்த மாதிரி.” அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெளியே நின்ற மாடசாமிக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். “லோகோவா? தென்காசியில எவனுக்குளா லோகோ வேணும்? போ, போ. ஆறு மாசத்துல திரும்பி வருவ. அப்ப உன் சேரு காலியா இருக்காது பாத்துக்கோ.”

அந்தச் சிரிப்புதான். சொன்ன சொல்லைக்கூட மறந்திருப்பாள். அப்படி ஒன்றும் கொடுமைக்காரச் சிரிப்பு இல்லை அது, ஒரு சின்னப்பிள்ளை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் சிரிப்போமே, அது போல. அதனால்தான் உள்ளே தைத்துக்கொண்டது. முதல் ஆறு மாதம் அவர் வாக்குதான் பலித்துக்கொண்டிருந்தது. வேலை தேடும் இணையதளத்தில் பேர் கொடுத்து, செய்ததைக் காட்டச் சொன்னபோது, காட்டுவதற்கு இவளிடம் இருந்ததெல்லாம் காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும். அதனால் இல்லாத கடைகளுக்கெல்லாம் லோகோ செய்தாள். இல்லாத ஒரு பேக்கரி, இல்லாத ஒரு சைக்கிள் கம்பெனி. பிறகு ஆஸ்திரேலியாவில் நாய்களுக்கு முடி வெட்டும் ஒருத்தர் வந்தார். இசக்கி என்ற பேரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் ‘இசாக்’ என்றே எழுதினார். இவளும் திருத்தவில்லை. அந்த நாய்க்கடை லோகோ முடிந்த அன்று முதலில் அண்ணாச்சியிடம்தான் சொன்னாள், மனசுக்குள். அண்ணாச்சி, நாய்க்கு முடி வெட்டுதவனுக்கு லோகோ வேணுமாம். அவர் பதிலுக்கு, அங்கிட்டு வேணும்ளா, இங்கிட்டு எவனுக்கு வேணும் என்றார். அதுவும் மனசுக்குள்தான். அப்புறம் மறுபடி ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை. ஒருநாள் மார்க்கெட்டுக்கு என்று கிளம்பியவள் எழில் டிஜிட்டலுக்கு எதிர்வரிசை ஜூஸ் கடையில் போய் நின்றாள். கடைக்காரன் கேட்காமலே சாத்துக்குடி ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டான், அதைக் குடித்து முடிக்கும் வரை கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தபோதெல்லாம் உள்ளே ஏசிக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் பின்னல் தெரிந்தது. சேர் காலியாக இல்லை. காலியாக இருந்திருந்தால் ரோட்டைத் தாண்டிப் போயிருப்பாளா? இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதானாலும் கோயில் வழியாகச் சுற்றித்தான்.

வெட்டி முடிந்தது. சிவப்புத் திரை போய், வெள்ளைத் தாளில் அண்ணாச்சி மட்டும் நின்றார். அவள் படத்தின் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினாள். ஒட்டிய கன்னத்து நிழலைக் கொஞ்சம் தளர்த்தினாள். அதுவும் இங்கே பழக்கம்தான், செத்தவரை இரண்டு வயது குறைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு ஆறுதல். முகத்தை இடது பக்கம் கீழே இறக்கி வைத்தாள். மேலே பெரிய வெள்ளை. அந்த வெள்ளைக்குள் மெல்லிய எழுத்தில் பேர் மட்டும். குத்தாலிங்கம். ‘த்’துக்கும் ‘தா’வுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம், நெருக்கினாள். கண்ணீர் அஞ்சலி என்ற சொல்லைக்கூடச் சின்னதாக ஓரத்தில் வைத்தாள். தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது, அமைதியாக, மதிப்பாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ குனிந்து நிற்கிற மாதிரி இருந்தது. ‘எடம் சும்மா கெடக்கே.’ சும்மா இல்ல அண்ணாச்சி, அது அப்படித்தான். ‘துட்டுக் கொடுத்து தாள் வாங்கிருக்கான், பாதித் தாளை வெள்ளையா விட்டா என்ன நெனைப்பான்? ரெண்டு ரோசாப்பூ வையி. ஒரு குத்துவிளக்கு வையி. பஸ்ஸுல போறவன் பேரைப் படிக்கதுக்கு முன்னால மூஞ்சியைப் பாக்கணும்ளா, மூஞ்சியைப் பெரிசாக்கு.’ ஐந்து வருஷமாக இதே வாக்குவாதம். கேரளத்துத் தேங்காயெண்ணெய்க்குச் சீசாவின் ஒட்டுத்தாள் செய்தபோதும் இதுதான் நடந்தது. இவள் வெள்ளை விடுவாள், அவர் ரோஜாப்பூ கேட்பார். இவள் விடாமல் சாதிப்பாள். சாதித்ததும் மறுபக்கம் சத்தமே இருக்காது. ஒருநாள் நேரில் போய், இந்தச் சீசாவை அவர் மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு டப்பா அல்வாவும் வைத்து, ‘பாருங்க அண்ணாச்சி’ என்று சொல்ல வேண்டும். அதற்கு எந்தச் சேலை என்பதுவரை யோசித்திருந்தாள். போகவில்லை. இன்னும் பெரிய கம்பெனி ஒன்று வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று பரமசிவன் ஒருமுறை சொன்னது காதில் விழத்தான் செய்தது. மருந்து வாங்க முத்தரசு வந்தானாம். அப்போதும், மீண்டு வரட்டும், அப்புறம் போவோம் என்றுதான் நினைத்தாள். நோயாளியிடம் போய்ச் சீசாவைக் காட்டி என்ன பிரயோசனம்?

மாமியார் மாடி ஏறி வரும் சத்தம் கேட்டது. முட்டி வலிக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் வருவாள். டீயை வைத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தாள். “அந்தப் பிளெக்ஸ் கடைக்காரர்தான?” “ஆமாத்தை.” “நல்ல மனுசன். உன் கல்யாணத்துக்கு அப்புறம் முதத் தீவாளிக்கு வீட்டுக்கே வந்து இனிப்பு குடுத்துட்டுப் போனாரு.” அது இவளுக்கு நினைவே இல்லை. “அழுதியா?” என்று அத்தை கேட்டாள். “இல்லத்தை. வேலை கெடக்கு.” அத்தை மானிட்டரை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். “மூஞ்சி என்ன இப்படி ஒரு மூலையில கெடக்கு?” என்றாள். “அது அப்படித்தான் த்தை.” “ம்” என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள். அழுதியா என்ற கேள்வி மட்டும் இறங்காமல் அறையிலேயே நின்றது. தன் அப்பா செத்தபோது அழுதது போல இதற்கும் வரும் என்று காத்திருந்தால், வருவதெல்லாம் மதுரை ரோட்டு போர்டுதான். காலையிலிருந்து அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறாள், நேராகப் பக்கத்தில் போகப் பயந்துகொண்டு. போன மாதம் ஊர் எல்லைக்கு வெளியே, வளைவு திரும்பும் இடத்தில், புதிதாகத் திறந்த கண் ஆஸ்பத்திரியின் பெரிய போர்டு ஏறியது. இவள் செய்த டிசைன். பெரிய வெள்ளை, நடுவில் ஒரே ஒரு கண், கீழே பேர். தென்காசியில் எவனுக்கு லோகோ வேணும் என்றாரே, தென்காசிக்காரர்களே கேட்டு வந்து செய்யச் சொன்ன முதல் பெரிய வேலை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பெரிய பிளெக்ஸை அடிக்கிற மிஷின் எழில் டிஜிட்டலில்தான் உண்டு. ஆகவே ஃபைல் அங்கேதான் போயிருக்கும். அவர்தான் திறந்திருப்பார். ஃபைலின் பேரிலேயே இசக்கி என்று இருக்கும், வேண்டுமென்றுதான் அப்படி வைத்து அனுப்பினாள். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பார்? சிரித்திருப்பாரா? மாடசாமியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாரா? போர்டு ஏறிய நாளிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று நினைத்தாள். இன்று காலையில் அந்த வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

டீ ஆறிப்போயிருந்தது. போஸ்டரை முத்தரசுக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் போனே வந்தது. பின்னால் ஒப்பாரியும், பந்தல்காரர்கள் கம்பு ஊன்றும் சத்தமும். “அக்கா, நல்லாருக்கு க்கா. ஆனா… சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. வெறிச்சோடிக் கெடக்க மாதிரி இருக்கு. அப்பாவுக்கு அந்தப் பழைய மாதிரியே போட்டுருங்களேன். மஞ்ச எழுத்து, பூவெல்லாம் வச்சு. எல்லாருக்கும் அதான அடிச்சிக் குடுத்தாங்க.” “சரிப்பா, மாத்திருதேன்” என்றாள். ஆச்சரியம், கோபமே வரவில்லை. அவன் போனை வைக்கப் போனான். அவளுக்கு வாய் தானாகத் திறந்தது. “முத்தரசு, அந்தக் கண் ஆஸ்பத்திரி போர்டு… வளைவுல இருக்கே. அப்பா அதப் பாத்தாங்களாப்பா?” கேட்ட மாத்திரத்தில் முகம் சுட்டது. செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா? “எது க்கா? அந்த வெள்ள போர்டா? அது நம்மகிட்ட வரலக்கா. மதுரையில அடிச்சுக் கொண்டாந்து ஏத்துனாங்க. அப்பா கடைக்கே வரலயே, தலையில ரத்தம் உறைஞ்சு ஒரு வருசமாச்சுல்லா. வீட்டுக்குள்ளதான். ஆளு அடையாளமே தெரியாது. என்னையவே சில நேரம் மாடசாமிம்பாங்க.” அவனாகத்தான் தொடர்ந்தான். “ஆனா உங்கள மட்டும் விடாமக் கேப்பாங்க க்கா. காலையில எந்திரிச்சு சட்டையப் போட்டு வாசல்ல வந்து உக்காந்துருவாங்க. ‘இசக்கி வந்தாச்சா? இன்னும் வரலயா? மணி என்ன ஆச்சு, துட்டிப் போஸ்டர் கெடக்கே’ன்னு. நாங்க, இன்னைக்கு அக்கா லீவு ப்பான்னு சொல்லிருவோம். ‘சரி, உடம்புக்கு என்னமோ, கேளு’ம்பாங்க. மறுநா திரும்ப அதே. தெனமும் லீவு சொல்லிருக்கோம் க்கா உங்களுக்கு.” அவன் லேசாகச் சிரித்தான், சிரித்தது உடைந்து மூக்கை உறிஞ்சினான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “கீழ கடை ஊழியர்கள்னு ஒரு வரி வரும்லா, அதுல உங்க பேரையும் போட்டுக்கிடுங்க க்கா. போடலாம்ல?” “போட்டுக்கிடுதேன்” என்றாள்.

போனை வைத்துவிட்டு மவுஸின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். ஐந்து வருஷம். நாய்க்கடை, தேங்காயெண்ணெய், கண் ஆஸ்பத்திரி, மழைக்காலம், ஜூஸ் கடை, கோயில் வழியாகச் சுற்றிய தூரமெல்லாம். அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த குரல், இவளே அவருக்குக் கொடுத்திருந்த குரல். அவர் பாட்டுக்கு வாசலில் சட்டை போட்டு உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பு அவருக்கு நினைவே இருந்திருக்காது. அவர் கணக்கில் அவள் போகவே இல்லை. பிந்திவிட்டாள், அவ்வளவுதான். மூக்கின் வேரில் ஒரு எரிச்சல் ஏறியது. கண்ணைத் துடைத்துவிட்டு அண்ணாச்சியின் முகத்தைப் பெரிதாக்கினாள். நடுவில் கொண்டு வந்தாள். பேருக்கு மஞ்சள் நிறம், சுற்றிலும் கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே இன்னொரு வெள்ளை விளிம்பு. ரோஜாப்பூ ஃபோல்டரைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. இரண்டு குத்துவிளக்கு. ‘அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை’ என்ற வரியைக் கை தானாகவே அடித்தது. ஊழியர்கள் என்று போட்டு மாடசாமி, அப்புறம் முத்தரசு எழுதி அனுப்பிய, அவளுக்குத் தெரியாத இரண்டு பேர். கடைசியில் இசக்கியம்மாள் என்று அடித்தாள். மூஞ்சியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியும்.

அனுப்பியதும் கொச்சிக்குப் போன் போட்டாள். மசாலா கம்பெனியின் ரீத்தா மேடம் எடுத்தாள். இன்றைக்கு முடியாது, ஒரு சாவு, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். முதலாளி இன்றைக்கு மட்டும்தான் ஊரில் இருக்கிறார், பெங்களூர்க்காரர் இப்போது காட்டப்போகிறார், பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றாள் மேடம். நெருங்கிய சொந்தமா என்று கேட்டாள். இல்லை, வேலை பார்த்த இடம் என்றாள் இசக்கி. சொல்லிவிட்டு, மேடம் யோசித்துக்கொள்ளட்டும் என்று வைத்தாள். போனால் போகட்டும் என்று நினைக்கவில்லை. போய்விடக்கூடாதே என்றுதான் நினைத்தாள். வேறு வேலைக்கு யாருக்கு எழுதிக் கேட்பது என்றும் ஒரு பக்கம் ஓடியது. ஆனாலும் இறங்கிப் போய்த் முகத்தில் தண்ணீர் தெளித்து, துட்டி வீட்டுக்கென்று பழைய காட்டன் சேலை ஒன்றைக் கட்டினாள். கண்ணாடியில் பார்க்காமலே பின்னலைச் சுற்றி முடிந்தாள். வாசலுக்கு வரும்போது அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “மீட்டிங்குன்னு சொன்ன, எங்க கெளம்பிட்ட?” என்றாள்.

“கடைக்கு த்தை” என்றாள் இசக்கி, செருப்பைத் தேடிக்கொண்டே. “நேரமாயிட்டு.”